கள்ள நகலும் கணக்குக் கையெழுத்தும்

2016-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி, சனிக்கிழமை. லினக்ஸ் மிண்ட் என்ற இணையதளத்துக்குள் திருடர்கள் புகுந்துவிட்டார்கள்.

லினக்ஸ் மிண்ட் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள். விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் அந்தத் தளத்துக்குப் போய், பொத்தானை அழுத்தி, இறக்கிக் கொள்ளலாம். அழுத்தினால் எங்கே போக வேண்டுமோ, அந்த வழியைத்தான் திருடர்கள் மாற்றினார்கள். அன்று அழுத்தியவர்களுக்குப் பல்கேரியா நாட்டில் இருந்த வேறொரு கம்ப்யூட்டரில் இருந்து கள்ள நகல் வந்து சேர்ந்தது.

பார்ப்பதற்கு அசல் போலவே இருந்தது. அசல் போலவே வேலை செய்தது. ஆனால் உள்ளே 'சுனாமி' என்ற விஷமம் ஒளிந்திருந்தது. வெளியே இருந்து எவனோ கட்டளை இட்டால் அது அப்படியே ஆடும். வீட்டுக்காரர் தூங்கும்போது கொல்லைக் கதவைத் திறந்துவிடும் வேலைக்காரன் மாதிரி!

மறுநாளே, அந்த மென்பொருளின் தலைவர் கிளெமெண்ட் லெபெவ்ர் விஷயத்தை வெளியிட்டார். ஏமாந்தவர்கள் கம்ப்யூட்டரை இணையத்தில் இருந்து துண்டிக்க வேண்டும், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும், கடவுச்சொற்களை மாற்றவேண்டும் என்று அறிவித்தார். மூடி மறைக்காமல் சொன்னாரே, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

படிக்கல் யாருடையது?

இத்தகைய தளங்களில், பொத்தானுக்குப் பக்கத்தில் எண்களும் எழுத்துக்களும் கலந்த நீளமான வரி ஒன்று இருக்கும். அது ஒரு கணக்கின் விடை. மென்பொருள் முழுவதையும் சேர்த்துப் போட்ட கணக்கு. உள்ளே ஒரே ஒரு புள்ளி மாறினாலும் விடை அடியோடு மாறிவிடும். இறக்கியவர் தம் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே கணக்கைப் போட்டு, இரண்டு விடையும் ஒன்றுதானா என்று பார்க்கலாம்.

அப்படியானால் கள்ள நகல் அன்றைக்கே பிடிபட்டிருக்க வேண்டாமா? அந்த விடையையும் தான் மாற்றிவிட்டதாக, 'இது என் வேலைதான்' என்று சொல்லிக்கொண்ட ஆள் பின்னர் செய்தியாளரிடம் கூறினான். தளமே அவன் கையில் இருக்கும்போது அதை மாற்றுவது என்ன பெரிய காரியம்? கள்ளத் தராசு வைத்திருக்கும் கடைக்காரனிடம் அவனுடைய படிக்கல்லையே வாங்கி, எடை சரிதானா என்று பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

இரண்டு சாவிகள்

இதற்கு மருந்து நெடுங்காலமாகவே இருக்கிறது. 1976-ல் டிப்பி, ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் யோசனையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூவர் அதைச் செய்துகாட்டினார்கள். அதுதான் கணக்குக் கையெழுத்து.

மென்பொருள் செய்பவரிடம் ஒரு ஜோடி சாவி இருக்கும். ஒன்று ரகசியச் சாவி. அதை யாருக்கும் தரமாட்டார். இன்னொன்று பொதுச் சாவி. அதை ஊருக்கே கொடுப்பார். ரகசியச் சாவியால் கையெழுத்துப் போடலாம். பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்கலாம், போட முடியாது.

பேனாக் கையெழுத்து எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் பார்த்துப் பழகிப் போட்டுவிடுகிறார்கள். இது அப்படி இல்லை. ஒவ்வொரு மென்பொருளுக்கும் கையெழுத்து வேறு. ஒன்றில் இருப்பதை வெட்டி இன்னொன்றில் ஒட்ட முடியாது. தளத்தை உடைத்தவன் பொத்தானை மாற்றலாம், விடையை மாற்றலாம், ரகசியச் சாவி அங்கே இல்லை என்றால், கையெழுத்தை மட்டும் போட முடியாது. பொதுச் சாவியையும் அதே தளத்தில் அன்றைக்குத்தான் வாங்கினால் மறுபடி படிக்கல் கதைதான்! வேறு இடத்தில் விசாரித்து ஒப்பிட வேண்டும்.

கையெழுத்துப் போட்டவரே கெட்டவராக இருந்தால்? அதுவும் நடந்தது. எக்ஸ்.இசட். என்ற மென்பொருளில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து பொறுப்பைப் பெற்ற ஒருவர், கள்ளக் கதவை வைத்துத் தம் சொந்தச் சாவியால் கையெழுத்தும் போட்டார். கையெழுத்தில் குற்றம் இல்லை. ஆளிடம்தான் குற்றம். ஆண்டிரெஸ் பிராயிண்ட் என்ற என்ஜினீயர், கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவி, 2024 மார்ச் 29-ந் தேதி அதை அம்பலப்படுத்தினார்.

யார் பார்ப்பது?

இத்தனையும் குடும்பத்தில் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? பார்க்கமாட்டார்கள். பார்க்கச் சொல்வதும் நியாயம் அல்ல. மென்பொருள் கொடுப்பவர்கள்தான் அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும். டெபியன் என்ற அமைப்பு 2007-லேயே அப்படிச் செய்துவிட்டது. மென்பொருள் வந்து இறங்கும்போதே, சொல்லாமல் கொள்ளாமல் கையெழுத்தைப் பார்த்துவிடுகிறது. வெறும் விடையை மட்டும் பொத்தானுக்குப் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுப் பொறுப்புத் தீர்ந்தது என்று இருப்பவர்கள் இதைப் பார்த்துத் திருந்த வேண்டும்.

கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனும் ஓரளவு காவல் காக்கிறது. ஏற்கெனவே உள்ள செயலிக்கு வேறொரு சாவியால் கையெழுத்திட்ட புதிய பதிப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளாது. ஆனால் புதிதாக ஒரு செயலி வரும்போது இந்தக் காவல் உதவாது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சாவி இல்லையே! 2024-ல் இந்தியாவில் கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்த கள்ளச் செயலிகளைப் பற்றிப் போலீசார் எச்சரித்தார்கள். அவற்றிலும் கையெழுத்து உண்டு. திருடன் தன் சாவியால் தானே போட்ட கையெழுத்து!

கல்யாணப் பத்திரிகை படமாக வரும். 'நிறுவலாமா?' என்று போனில் கேட்டால் அது பத்திரிகையே அல்ல. அனுப்பியவரைக் கூப்பிட்டு, 'நீங்கள்தான் அனுப்பினீர்களா?' என்று கேட்க ஒரு நிமிடம் ஆகும்.