மூடியா, திறப்பா?

வீட்டுப் பவளத் தொட்டிக்கு மூடி வேண்டாம் என்போர் அழகைக் காட்டுகின்றனர். வேண்டும் என்போர் பாதுகாப்பைக் காட்டுகின்றனர். ஹைதராபாத்தின் மே மாத வெயிலை இரு தரப்பாரும் மறந்துவிடுகின்றனர்.

கண்ணாடி மூடி ஆவியாதலைத் தடுக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது கொண்டுசெல்லும் வெப்பம், 100 லிட்டர் நீரைச் சுமார் 6 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. செலவின்றிக் கிடைக்கும் அக்குளிர்ச்சியை அடைத்துவிட்டு, நீர் 30 டிகிரியைத் தாண்டிப் பவளம் வெளுத்தபின் வருந்துவதில் பொருளில்லை.

முழுத் திறப்பும் விடையன்று. மிரண்ட கோபி, ராஸ் மீன்கள் இரவில் துள்ளித் தரையில் விழுந்து மடிகின்றன. அலங்காரக் கடல்மீன் இனங்களுள் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. நாம் இழக்கும் ஒவ்வொரு மீனுக்கும் ஈடாக இன்னொன்றைப் பவளத்திட்டிலிருந்து பறிக்கிறோம்.

கால் அங்குலக் கண்ணுள்ள வலைமூடி போதும். ஒளியும் காற்றும் நீராவியும் அதில் புகும், மீன் புகாது. உப்பு ஆவியாவதில்லை; ஆகவே குறையும் நீரை நாள்தோறும் தூய நன்னீரால் நிரப்புக.

வலை கண்ணை உறுத்துகிறது என்போரை ஒன்று கேட்கிறேன்: விடியலில் தரையில் காய்ந்து கிடக்கும் மீன் உறுத்தவில்லையா?