பற்றரிக்குச் சாதகம் எழுதுவோர்

கார் பற்றரி எத்தனை வருடம் உழைக்கும் என்று கொழும்பின் கராஜ்களில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “மூன்று வருடம் ஐயா, அதற்குமேல் வைத்திருந்தால் நடுத்தெருவில் நிற்பீர்கள்.” வாங்கிய திகதியை விசாரிப்பார்கள், உடனே தீர்ப்பும் வழங்கிவிடுவார்கள். சாதகம் பார்ப்பவர்கூட நாலு கட்டங்களை எண்ணிப் பார்த்த பின்னரே வாய் திறப்பார்.

மூன்று வருடம் என்பது முழுப்பொய் அல்ல. இந்த வியாபாரத்தின் பலமே அதுதான். எமது வெப்பத்தில் சாதாரண ஈய அமிலப் பற்றரி பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வருடம் உழைக்கும். குளிர்நாடுகளில் ஐந்தாறு வருடங்கள் ஓடுவதும் உண்டு. பனிக்காலமே பற்றரியைக் கொல்கிறது என்று ரொறன்ரோ நண்பர்கள் சொல்வார்கள். கொல்வது பெரும்பாலும் கோடை. பனிக்காலம் பிரேதத்தைக் கண்டெடுக்கிறது.

ஆனால் தினமும் நெடுந்தூரம் ஓடும் காரின் பற்றரிக்கும், சந்தைக்கும் கோவிலுக்கும் மட்டும் போய்வரும் காரின் பற்றரிக்கும் ஒரே ஆயுளை எப்படி எழுதுவது? 2022இல் பெற்றோல் இல்லாமல் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்ற கார்களின் பற்றரிகள் பல, ஓடாமலேயே கெட்டன. மின் இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேற்று படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலு முழுமையாகத் திரும்பாது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: அளந்து காட்டுங்கள். இரவு முழுவதும் ஓய்ந்து நின்ற காரில் 12.6 வோல்ற் அளவில் காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது; 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. நன்றாக மின்னேற்றிய பின்னும் ஸ்ராட் பண்ணும்போது 9.6க்குக் கீழே விழுமானால் மாற்றச் சொல்வதில் நியாயம் உண்டு. எஞ்சின் ஓடுகையில் 14 வோல்ற்றை அண்டிக்கூட வராவிட்டால் முதலில் அல்ரனேற்றரையே சந்தேகிக்க வேண்டும். அதைப் பாராமல் புதுப் பற்றரி போட்டால் சில நாளில் அதே கதைதான். பற்றரியின் உடல் வீங்கினாலோ அமிலம் கசிந்தாலோ மட்டும் அளவையும் வேண்டாம், வாதமும் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஹைபிரிட் கார்களில் நடக்கிறது. பிரியஸ், அக்குவா போன்றவற்றில் பற்றரி இரண்டு. காரை நகர்த்த உதவுவது உயர் அழுத்தப் பற்றரி. அதன் கணினிகளை விழிக்கச் செய்வது சிறிய 12 வோல்ற் பற்றரி. சிறியது படுத்துவிட்டால், பெரியது எவ்வளவு நிறைந்திருந்தாலும் கார் எழும்பாது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் ‘பெரிய பற்றரி போய்விட்டது’ என்று சில இலட்சம் ரூபா கேட்டிருக்கிறார்கள். வேறோர் இடத்தில் சிறியதை மாற்றியதும் கார் ஓடியது. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்த நாடு இது. பழைய கார்களை விட்டால் வேறு வழியில்லாதவர்களிடம் அச்சத்தை விற்பது எவ்வளவு சுலபம்!

இன்னொன்று. “பழையதை நாங்களே அப்புறப்படுத்துகிறோம்” என்று பெருந்தன்மையோடு வாங்கி வைப்பவரிடம், அதற்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேளுங்கள். பற்றரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அது கிலோக் கணக்கில் விலைபோகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.