தம்புள்ளைச் சாலையும் மாத்தளைக் கிளர்ச்சியும்

1848 ஜூலை 28ஆம் நாள், கண்டிக்கு வடக்கேயுள்ள மாத்தளை நகரம் கிளர்ச்சியாளர் கைக்கு வந்தது. இரண்டு நாள்களுக்கு முன்னர்தான் தம்புள்ளை விகாரையில் கோங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டியிருந்தார்கள். புரன் அப்பு முன்னின்று நடத்திய கூட்டம் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி வரி ஏடுகளை அழித்தது. அடுத்த குறி கண்டி. ஆனால் மறுநாளே கண்டியிலிருந்து வந்த படை வாரியபொலையில் அவர்களைச் சிதறடித்தது.

இதற்குக் 'கலகம்' என்று பெயரிட்டார்கள் வெள்ளைத் துரைமார். அவர்கள் வேறெவ்விதம் எழுதுவார்கள்? நமது வழக்கு நம்மவரோடுதான். முடிசூட்டு விழாவை வானளாவப் புகழ்வோர், குடியானவன் வீட்டு நாய்க்கு வரி விதித்ததை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்களே! இழந்த அரியணைக்காகவா உழவன் ஆயுதம் எடுத்தான்?

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத நிலத்தை முடிக்குரிய நிலமாக்கியது. மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. 1847இல் கோப்பி விலை சரிந்து கஜானா வற்றியதும் சுமை யார் தலையில் ஏறியது? துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி, வள்ளத்துக்கு வரி. போதாதென்று ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை. இல்லையேல் 3 ஷில்லிங் கட்டு! அந்தத் தெருக்களில் ஓடியது யாருடைய கோப்பி?

தேசாதிபதி டொரிங்டன் பிரபு இராணுவச் சட்டம் பிறப்பித்தார். ஆகஸ்ட் 8இல் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குடாபொல தேரரைக் காவியுடையோடு சுட்டார்கள். இலண்டன் நாடாளுமன்றமே முகம் சுளிக்க, 1850இல் டொரிங்டன் பதவியிழந்து திரும்பினார்.

எனினும் ஒன்றைச் சொல்லாதிருத்தல் நேர்மையாகாது. கிளர்ச்சியாளர் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு இறங்கிய அதே பாதையில்தான், மன்னாரில் கரையேறிய தமிழ்த் தொழிலாளரும் கால்நடையாக வந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியோரம் மாண்டவர் எண்ணற்றோர். நிலம் பறிகொடுத்த உழவனும் உழைப்பைப் பறிகொடுத்த கூலியும் ஓரணியில் நிற்கவில்லை. சரியாக நூறாண்டு கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அக்கூலியின் வழிவந்தோரில் மிகப் பலரை நாடற்றவராக்கியது. புரன் அப்புவுக்கு மாலையிடும் மேடைகளில் இதைப் பற்றி ஒரு சொல் எழுகிறதா? மாத்தளைப் பாடம் நடத்தும் ஆசிரிய நண்பர்கள், கச்சேரியில் அழிந்த ஏடுகளையும் அச்சாலையோரம் மாண்டவர்களையும் ஒரே வகுப்பில் சேர்த்துச் சொல்லட்டும்.