ஆகாய விமானமும் தர்மபுரி ரயிலும்

சேலத்திற்கு ஆகாய விமானம் வந்துவிட்டது என்றும், அதனால் சுற்றுப்பக்கத்து ஜில்லாக்களுக்கெல்லாம் பெரியதொரு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றும் பேசப்பட்டு வருகின்றது. ஓமலூருக்குப் பக்கத்தில் கமலாபுரத்திலுள்ள அந்தச் சிறு விமான நிலையம் தர்மபுரி ஜில்லாவுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லப்படுகின்றது. தர்மபுரி ஜில்லாவுக்குள் பிரயாணிகள் ஏறி இறங்க வேறு விமான நிலையம் கிடையாது. ஆகவே, இதனால் தர்மபுரி ஜனங்களுக்கு உண்மையில் கிடைத்தது என்ன, இதற்காகும் செலவு யாருடையது, இதற்கு முன்பே நடந்திருக்க வேண்டிய காரியம் ஏதேனும் உண்டா என்பவைகளைப் பற்றிச் சிறிது யோசிப்போம்.

ஆகாய விமானத்தின் மீது நமக்கு யாதொரு விரோதமும் கிடையாது. அது மனிதனுடைய அறிவின் வெற்றியாகும். புராணத்திலே புஷ்பக விமானம் இருந்ததென்று ஆயிரக்கணக்கான வருஷங்களாய்ப் படித்துக் கொண்டிருந்த நம் நாட்டில் ஒருவனும் ஒரு முழ உயரம் பறந்ததில்லை. சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் 1903ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் பறந்து காட்டினார்கள். அவர்கள் ராகு காலம் பார்க்கவில்லை. காற்றையும் இயந்திரத்தையும் பார்த்தார்கள். ஆனால் நம்மவர்களோ 2019ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்தில் ரபேல் யுத்த விமானத்தைப் பெற்றுக்கொள்ளப் போன இடத்தில்கூட, ராணுவ மந்திரியே அதன்மீது ஓம் எழுதி, சக்கரத்தடியில் எலுமிச்சம் பழம் வைத்தார். விமானத்தைக் காப்பாற்றுவது எலுமிச்சம் பழமென்றால் அதை ஓட்டப் பல வருஷம் படித்தவனுக்குச் சம்பளம் எதற்கு?

அன்றியும் விமானத்துக்குள் ஜாதிக்கொரு வரிசை கிடையாது. டிக்கட்டில் எந்த எண் போட்டிருக்கிறதோ அந்த இடத்தில்தான் யாரும் உட்கார வேண்டும். இதைக் கண்டு நமக்கு மிகுந்த சந்தோஷமே. ஆனால் ஜாதி கேட்காத அந்த வாசலிலே பணம் கேட்கிறார்கள். இங்கேதான் நம்முடைய கேள்வி ஆரம்பிக்கின்றது.

இந்தக் கமலாபுரம் நிலையத்தின் சரித்திரத்தைக் கேளுங்கள். 1993ஆம் வருஷத்தில் நிலையம் தயாராயிற்று. என்.இ.பி.சி. என்ற கம்பெனி சொற்ப காலம் விமானம் விட்டு நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு பல வருஷம் வெறும் ஓடுபாதைதான். 2009ஆம் வருஷம் நவம்பரில் கிங்பிஷர் கம்பெனி வந்தது; 2011இல் அதுவும் நின்றது. 2018ஆம் வருஷம் மார்ச்சு 25ஆம் தேதி ட்ரூஜெட் கம்பெனி சென்னைக்கு விமானம் விட்டது. சர்க்கார் உதவிப் பணத்தின் மூன்று வருஷக் கெடு முடிந்த 2021ஆம் வருஷத்தில் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ என்னும் இரண்டு கம்பெனிகள் வந்தன. ஆகமொத்தம் முப்பது வருஷத்தில் நான்கு தடவை கொட்டகை போட்டு மூன்று தடவை பிரித்தாயிற்று.

2018இல் விமானம் வந்தது உடான் என்ற திட்டத்தின்கீழ் ஆகும். ரப்பர் செருப்புப் போட்ட ஏழையும் ஆகாய விமானத்தில் ஏற வேண்டும் என்பதே இதன் நோக்கமென்று பிரதம மந்திரி மோடி அவர்கள் 2017 ஏப்ரலில் சிம்லாவில் சொன்னார். திட்டமென்னவென்றால், ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு விமானத்தில் பாதி இடங்களை 2,500 ரூபாய்க்கு மேற்படாமல் கொடுக்க வேண்டியது. அதனால் கம்பெனிக்கு வரும் நஷ்டத்தைப் பொதுப் பணத்திலிருந்து மூன்று வருஷத்துக்குக் கட்டிக் கொடுக்க வேண்டியது. பெரிய பட்டணங்களுக்குப் பறக்கும் விமானங்கள் மீது விதித்த வரியிலிருந்து பெரும் பகுதியும், மாநில சர்க்காரிடமிருந்து ஐந்தில் ஒரு பங்கும் வருகின்றது. இதுவுமன்றி, போலீசும் தீயணைப்புப் படையும் மாநில சர்க்காரே இனாமாய்க் கொடுக்க வேண்டும். மாநில சர்க்கார் பணமென்பது யார் பணம்? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கொடுக்கிறவன் பணமல்லவா?

சரி, அந்த ரப்பர் செருப்புக்காரன் ஏறினானா? 2018–19இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு விதித்த கூலி நாளொன்றுக்கு 224 ரூபாய். அந்தக் கூலிக்காரர் ஒருவர் பதினொரு நாள் வெயிலில் மண் வெட்டி, ஒரு வேளையும் சாப்பிடாமல், ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்து வைத்தாலும் ஒரு சலுகை டிக்கட்டுக்குப் போதாது. போய்த் திரும்பி வருவதானால் இருபத்திரண்டு நாள் போதாது. தர்மபுரி ஜில்லாவிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் போகிறவர்கள் மூட்டையும் பிள்ளையுமாய்ப் பஸ்ஸில்தான் போகிறார்கள். இவர்கள் பேரைச் சொல்லி வாங்கின சலுகையை அனுபவிக்கிறவர்கள் வேறு கனவான்களே.

நாம் சொல்வது மட்டுமல்ல. இந்திய சர்க்காரின் தணிக்கை அதிகாரியே 2023ஆம் வருஷத்து அறிக்கையில் சொல்லியிருப்பதைப் பாருங்கள். மூன்றாம் சுற்று வரையில் கொடுக்கப்பட்ட 774 விமானப் பாதைகளில் 403இல் விமானம் கிளம்பவே இல்லை. கிளம்பிய 371இல் மூன்று வருஷம் முடிய ஓடியவை 112. உதவிப் பணம் நின்ற பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. இதை வியாபாரம் என்பதா, தர்மம் என்பதா? தர்மம் என்றால் வசதியுள்ளவனுக்கா தர்மம்?

நிற்க, இனி ரயிலின் கதைக்கு வருவோம். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906ஆம் வருஷத்தில் ஒரு சிறு ரயில் பாதை போடப்பட்டது. பிறகு அது ஓசூர் வரையில் நீண்டது. யுத்த காலமான 1941ஆம் வருஷத்தில் அது மூடப்பட்டது. அவ்வளவுதான்! வெள்ளைக்காரன் போனான், சுயராஜ்யம் வந்தது, 1965இல் தர்மபுரி தனி ஜில்லாவும் ஆயிற்று, ஆனால் போன ரயில் திரும்பவில்லை. 2019 மார்ச்சில்தான் சுமார் 36 கிலோமீட்டர் நீளமுள்ள மொரப்பூர் – தர்மபுரி பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல் நாட்டி ஐந்து வருஷம் சென்ற பின்னும் அதன்மேல் வண்டி ஓடக் காணோம்.

தர்மபுரியில் ரயிலே இல்லையா என்றால், சேலம் – பெங்களூர் பாதை ஊர் வழியாய்ப் போகத்தான் செய்கிறது. ஆனால் சென்னைக்குப் போகும் பெரிய பாதை மொரப்பூர் வழியாய்ப் போகின்றது. தர்மபுரிக்காரன் அந்த ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் பஸ் ஏறி மொரப்பூருக்குப் போய்க் காத்துக் கிடக்க வேண்டும். மொரப்பூரிலிருந்து சென்னைக்கு முன்பதிவில்லாத டிக்கட்டின் விலை அந்த 2,500 ரூபாயில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ட்ரூஜெட் விட்ட விமானத்தில் சுமார் 70 பேர் போகலாம்; ஒரு ரயிலில் ஆயிரம் பேருக்கு மேல் போகலாம். எழுபது பேருக்கான வண்டி மூன்று தடவை நின்றும் நான்கு தடவை வந்துவிட்டது. ஆயிரம் பேருக்கான வண்டி ஒரு தடவை நின்றது, எண்பது வருஷத்துக்கு மேலாகியும் வரவில்லை. இதற்குக் காரணம் விதியா? கிரகமா? எழுபது பேருடைய குரல் டெல்லிக்குக் கேட்கின்றது, ஆயிரம் பேருடைய குரல் கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

இன்னும் ஒரு விஷயம். தர்மபுரியிலிருந்து கமலாபுரம் போகத் தொப்பூர்க் கணவாயை இறங்க வேண்டும். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன் போகும் வண்டிகள் மேல் விழுந்து மனிதர்கள் சாவது அங்கே ஓயாத சங்கதி. ஆகாயத்தில் ஒரு மணி நேரம் மிச்சப்படுத்துவதைவிடத் தரையில் உயிரோடு போய்ச் சேருவது முக்கியமல்லவா?

இதற்கிடையில், நிலையத்தைப் பெரிதாக்க 570 ஏக்கர் பூமி வேண்டுமென்று 2018இல் அளக்க வந்தார்கள். கமலாபுரம், தும்பிபாடி, பொட்டியபுரம், சிக்கனம்பட்டி ஆகிய ஊர்களின் குடியானவர்கள் எதிர்த்து நின்றார்கள். ஏன் நிற்கமாட்டார்கள்? தன் காட்டின் மேல் பறக்கும் விமானத்தில் தான் ஒரு நாளும் ஏறப்போவதில்லை என்று தெரிந்தவனிடம், அந்தக் காட்டையும் கொடு என்றால் அவன் எதற்காகக் கொடுப்பான்?

“விமானம் வந்தால் தொழில் வரும், தொழில் வந்தால் ஏழைக்கு வேலை வரும்” என்று சிலர் சமாதானம் சொல்லலாம். வரட்டும், வேண்டாமென்பாரில்லை. ஆனால் 1993 முதல் வந்த தொழில் எத்தனை, வேலை பெற்றவர் எத்தனை பேர் என்று கணக்குக் காட்டிவிட்டு அல்லவா அடுத்த 570 ஏக்கரைக் கேட்க வேண்டும்? அவசரமான நோயாளிக்கு உதவும் என்பார்கள். தர்மபுரிக் குடியானவனின் அவசரத்துக்கு வேண்டியது பக்கத்தில் நல்ல ஆஸ்பத்திரியே தவிர, நாளில் இன்ன நேரத்துக்குத்தான் கிளம்பும் விமானமல்ல.

ஆதலால் நாம் கேட்பது மூன்றே காரியங்கள். கமலாபுரத்துக்கு இதுவரை கொடுத்த பொதுப்பணம் எவ்வளவு, பிரயாணி ஒருவருக்கு எவ்வளவு விழுந்தது என்பதைத் தமிழில் அச்சிட்டு ஜனங்களுக்குக் கொடுக்க வேண்டும். மனமொப்பாத குடியானவனிடம் பூமியைப் பிடுங்கக் கூடாது. மொரப்பூர் – தர்மபுரி ரயிலையும் தொப்பூர்ப் பாதையையும் முடித்துவிட்டுப் பிறகு ஆகாயத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

எல்லோரும் பறக்கும் காலம் வரத்தான் போகிறது. வரவேண்டும் என்பதே நமது ஆசை. ஆனால் அதுவரையில், பறக்கிறவனுடைய டிக்கட்டுக்கு நடக்கிறவன் பணம் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்பதைத் தர்மபுரித் தோழர்கள் யோசித்து, அடுத்த தடவை ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடம் வாய் திறந்து கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம்.