கெமிஸ்ட் ரிப்போர்ட் வந்தால் வழக்கு முடிந்ததா?

போதைப்பொருள் வழக்கிலோ கொலை வழக்கிலோ ஒரு பையன் பிடிபட்டுவிட்டால், மந்தின் முதல் சிரம்பான் வரை தோட்டத்தில் எஞ்சியிருப்பவர்களும் தாமானுக்குக் குடிபோனவர்களும் ஒரே குரலில் சொல்வது இது: “கெமிஸ்ட் ரிப்போர்ட் வந்துவிட்டது, இனி லோயர் வைத்து என்ன பயன்?” இந்த நம்பிக்கை மூன்று கால்களில் நிற்கிறது. மனிதன் பொய் சொல்வான், இயந்திரம் சொல்லாது என்பது ஒன்று. சட்டமே ஆய்வக முடிவை இறுதியாக ஏற்கிறது என்பது இரண்டு. அறிக்கையைக் கேள்வி கேட்பது குற்றவாளிக்குத்தான் உதவும் என்பது மூன்று. மூன்றும் பாதி உண்மைகள். தடயவியல் வளர்ந்த வரலாறே இவற்றுக்குப் பதில் சொல்கிறது.

முதலில் இயந்திரம். சென்னை மாகாணத்தில் அரசு இரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் 1849லேயே தொடங்கிவிட்டது. அன்று முதல் இன்றுவரை ஆய்வகத்தின் மூலதனம் கருவிகளைவிட அவற்றைக் கையாளும் மனிதரின் பார்வைதான். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்து, 2000இல் பத்மபூஷண் விருது பெற்ற பேராசிரியர் பி. சந்திரசேகரனின் பணி இதற்குச் சான்று. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, குண்டு எங்கே இருந்தது, யார் கொண்டுவந்தார் என்று சொல்ல எந்தக் கருவியும் அங்கே இல்லை. இறந்த பெண் ஒருவரின் தலையும் கைகால்களும் கிடைத்தன. நடு உடல் சிதைந்து போயிருந்தது. சிதறிய துணித் துண்டுகளையும் இரும்புக் குண்டுமணிகளையும் இந்தக் காயங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே, அந்தப் பெண் இடுப்பில் வெடிகுண்டுப் பட்டை கட்டியிருந்தார் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அது படிப்படியாகக் கட்டிய அனுமானம். ஒவ்வொரு படியும் நீதிமன்றத்தில் காட்டக்கூடியதாக இருந்ததுதான் அதன் வலிமை. காட்ட முடியாத படி ஒன்று இருந்தால், எத்தனை விலையுயர்ந்த கருவியாலும் அதை ஈடுகட்ட முடியாது.

அதே வழக்கு இன்னொன்றையும் தெளிவாக்குகிறது. குண்டு எப்படி வெடித்தது என்பதை அறிவியல் சொன்னது. சதியில் யார் யாருக்குப் பங்கு என்பதை அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 1998இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்து, மற்ற 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இரு தீர்ப்புகளுக்கும் இடையே வெடிகுண்டின் அறிவியல் மாறவில்லை. மற்றச் சாட்சியங்களை எடைபோட்ட விதம் மாறியது. ஆய்வகம் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. குற்றவாளி யார் என்பது நீதிமன்றத்திடம் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது, சட்டம். மலேசியாவின் 2009ஆம் ஆண்டு மரபணு அடையாளச் சட்டம், மரபணுத் தரவு வங்கியின் தகவலை அடையாளத்துக்கு முடிவான சான்றாக ஏற்கச் சொல்வது உண்மைதான். ஆனால் அது அடையாளத்தோடு நிற்கிறது. ஒருவரின் மரபணு ஒரு பொருளில் இருந்தால் அது அவருடையது என்று ஆகிறது. எப்போது, எப்படி அங்கே வந்தது என்பது திறந்த கேள்வியாகவே இருக்கிறது. 1987இல் முனுசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், கெமிஸ்ட்டின் கருத்தைச் சொன்னபடியே ஏற்கலாம் என்றது. ஆனால் அது தன்னளவில் நம்பத்தகாததாக இருந்தாலோ, எதிர்த்தரப்பு மறுசான்று கொண்டுவந்தாலோ நிலை வேறு என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆக, அறிக்கை இறுதியாவது பெரும்பாலும் யாரும் வாய் திறக்காததால்தான். போதைப்பொருள் வழக்கில் இந்த மௌனத்தின் விலை பெரிது. 15 கிராம் ஹெரோயின் என்பது கடத்தல் என்று சட்டம் அனுமானிக்கும் எல்லை. கணக்கு பொட்டலத்தின் எடைக்கு அல்ல, அதிலுள்ள ஹெரோயினுக்கு. பால்வாளியின் எடை வேறு, அதில் தேறும் உலர்ந்த ரப்பரின் எடை வேறு என்பதை நம் தோட்டத்து மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எந்த எடை எழுதப்பட்டிருக்கிறது, எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேட்பது அவர்களுக்குப் புதிதும் அல்ல.

மூன்றாவது, கேள்வி கேட்பது குற்றவாளிக்கே உதவும் என்ற வாதம். இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரிஸின் மரபணுச் சோதனை குற்றப் புலனாய்வில் முதன்முதலாக இறங்கிய வழக்கில், 1986இல், அது செய்த முதல் வேலை ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்திருந்த ஒரு 17 வயதுப் பையனைக் குற்றமற்றவன் என்று காட்டியது. உண்மைக் குற்றவாளி அதன் பிறகே அகப்பட்டான். நம் நாட்டில் 2009 ஜனவரியில் காவலில் இறந்த குகனின் வழக்கு நெஞ்சை விட்டு அகலாதது. நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் விடாமல் கேட்டதால் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நடந்த இரண்டாம் பரிசோதனை, அடியால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைக் கண்டது. 2013இல் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு 801,700 ரிங்கிட் இழப்பீடு விதித்தது. முதல் அறிக்கையோடு வாய்மூடியிருந்தால் தப்பியிருப்பவர்கள் யார்? “அப்படியானால் எல்லா அறிக்கையும் பொய்யா?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. முதல் அறிக்கையைத் திருத்தியதும் தடயவியல்தான். சோதனைக்கு உட்பட்டு நிற்கும்போதே அது நம்பத்தக்கதாகிறது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 399ஆம் பிரிவின்படி, அறிக்கையின் நகல் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னரே குற்றம் சாட்டப்பட்டவர் கைக்கு வரவேண்டும். அறிக்கை எழுதியவர் நேரில் சாட்சி சொல்ல வேண்டுமானால் 3 நாள் முன்னரே அவர் தரப்பு அறிவிக்க வேண்டும். இந்த உரிமை காகிதத்தில் கிடக்கிறது. ஆகவே, ரிப்போர்ட் வந்துவிட்டது என்று கேட்டவுடன் கைகழுவ வேண்டாம்; அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள், எழுதியவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.