ஒற்றை மரமும் ஒட்டிய மரமும்

வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவமழை கால்கொண்டுவிட்டால், எங்கள் நாவலப்பிட்டியிலே கதவுகள் நிலையோடு பிணங்கத் தொடங்கிவிடும். மாசி வெயிலில் இலகுவாக ஓடிய மேசை லாச்சி ஆனியில் அசைய மறுக்கும். அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 5000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது என்றால், மரம் இங்கே படும் பாட்டை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

துப்பாக்கி சுடும் போட்டியொன்றைப் பார்த்து வந்த என் மாணவன் ஒருவன் சென்ற வாரம் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தான். "ஐயா, முதலில் வந்தவருடைய துப்பாக்கிக் கட்டை வரி வரியாக இருந்தது. உற்றுப் பார்த்தேன், மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்திருக்கிறார்கள். நல்ல மரம் வாங்க வசதியில்லாமலா அப்படி ஒட்டினார்கள்?" என்றான். தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளை அவன். 'ஒட்டு' என்ற சொல்லை அவன் உச்சரித்த விதத்திலே ஓர் இளக்காரம் இருந்தது. அந்த இளக்காரத்தை நான் நன்கறிவேன்.

துப்பாக்கி என்றதும், 1983 முதல் 2009 வரை இந்நாடு பட்ட துயரமே நம்மிற் பலருக்கு நினைவில் எழும். அக்கருவியைப் புகழ்வது என் நோக்கமன்று. ஆயினும், மரத்தின் இயல்பை அதைப்போலக் கண்டிப்பாகச் சோதிக்கும் பொருள் வேறு அதிகமில்லை. கதவு சற்று வீங்கினால் தோளால் ஒரு தள்ளுத் தள்ளித் திறந்துவிடலாம். துப்பாக்கிக் கட்டை வீங்கி இரும்புக் குழலை ஒருபுறமாக அழுத்துமாயின், கைக்கு அது தெரியாது. நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள இலக்கிலேதான் தெரியும்.

மரம் நீர்ப்பசையை ஏற்கும்போது நீளவாட்டில் நீளுவது மிகச் சிறிதே. குறுக்குவாட்டிலேதான் அது பருக்கிறது. நார் ஓடும் போக்கு எங்கும் ஒரே சீராய் இல்லாமையால், பருக்கும்போதும் சுருங்கும்போதும் கட்டை முறுகுகிறது. மேனாட்டார் நெடுங்காலமாகக் கட்டைக்குத் தேர்ந்தது அக்ரூட் மரம். அழகிய ரேகையும் உறுதியும் உடையது, உளிக்கு இணங்குவது. ஆனால் அதனை ஆண்டுக்கணக்கில் உலர்த்திப் பதப்படுத்த வேண்டும்.

போருக்கு ஆயத்தமான ஜெர்மனி அவ்வளவு காலம் காத்திருக்க விரும்பவில்லை. 1930களின் பிற்பகுதியில் அந்நாட்டார் பீச் மரத்தை ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர் கனமுள்ள தகடுகளாகச் சீவி, பிசின் பூசி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக்கி, மௌசர் துப்பாக்கிகளுக்குக் கட்டை செய்தனர். சிக்கனத்திற்காகப் பிறந்த அந்த அடுக்கு மரம், ஈரத்தைத் தாங்குவதில் ஒற்றை மரத்தை விஞ்சியது. காரணம் எளிது. ஒரு தகடு ஒருபுறம் முறுக விரும்பினால், அயலிலுள்ள தகடு அதற்கு இணங்குவதில்லை. இடையிலுள்ள பிசினோ ஈரம் ஊடுருவிச் செல்வதைத் தடுக்கிறது.

குறையும் உண்டு. அடுக்கு மரம் அக்ரூட்டைவிடக் கனமானது. நின்று குறிபார்ப்பவனுக்கு அக்கனம் நன்மையே. சுடும்போது தோளில் விழும் உதைப்பு அதனாற் குறையும். நாள் முழுதும் காட்டிலே சுமந்து திரிபவனுக்கு அது பாரம். 1959ஆம் ஆண்டில் அமெரிக்க ரெமிங்டன் நிறுவனம் நைலோனாலேயே கட்டை செய்து விற்கத் தொடங்கியது. அது இலேசானது, மழைக்கு அஞ்சாதது. எனினும் மலிவான பிளாஸ்ரிக் கட்டை வளைந்து கொடுக்கும். மரத்தைப்போல் கைக்கு இதமாயும் இராது. இன்று போட்டியாளர் பலர் அலுமினியத்தை நாடுகின்றனர். அடுக்கு மரத்தை விடாதவர்களும் உளர். ஆகவே, வசதியில்லாமையால் ஒட்டினார்கள் என்பது பொருந்தாது. தனி மரம் தராத ஒன்றைப் பெறுவதற்காகவே ஒட்டுகிறார்கள்.

இவற்றைச் சொல்லியபின் அவனை வீட்டுக்கு அழைத்துச் சென்று ஒரு பழைய மேசையைக் காட்டினேன். எங்கள் லயத்துக் காம்பராவில், தேயிலைப் பெட்டியின் பலகையை எடுத்து என் தந்தையார் அடித்துத் தந்தது. காகித உறைகள் வந்து அப்பெட்டிகளை அகற்றுமுன், மலையகத்துத் தேயிலை ஒட்டுப் பலகைப் பெட்டிகளிலேதான் கப்பலேறியது. காலியான பெட்டி எங்களுக்கு அலுமாரி, மேசை, சில வீடுகளிலே குழந்தையின் படுக்கையும் ஆயிற்று. தோட்டத்தின் பெயர் கறுப்பு மையில் அச்சாகியிருந்த பக்கம் மேலே தெரியாதபடி அதை அடிக்கச் சொல்லி அழுதவன் நான். பள்ளித் தோழர் வந்தால் அதன்மேல் துணி விரித்து மறைப்பேன்.

அதே காலத்தில் வாங்கிய பலா மர வாங்கு முறுகி, இன்று மூன்று காலில் நிற்கிறது. மேசைப் பலகையோ இன்னும் தட்டையாகவே இருக்கிறது. கூரை ஒழுகிய மூலையில் மாத்திரம் தகடுகள் பிரிந்து உரிந்துள்ளன. பெட்டியின் பலகையிலே நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்திருக்கும். துப்பாக்கிக் கட்டையில் அவை பெரும்பாலும் நீளவாட்டிலேயே ஓடும். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: மரத்தைப்போலவே பசையும் தரமாயிருத்தல் வேண்டும். பெட்டிக்குப் பூசிய பசை மழையிலே தோற்றது, மரம் தோற்கவில்லை.

மாணவன் உரிந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தான். பின்னர் குனிந்து மேசையின் அடிப்புறத்தை நோக்கி, மங்கிப்போன எழுத்துகளைக் கூட்டி வாசித்தான். "ஐயா, இது எங்கள் தோட்டத்தின் பெயரல்லவா?" என்று கேட்டான்.

ஆம் என்றேன். மேசையின்மேல் இப்போது நான் துணி விரிப்பதில்லை.