ஜலக் கணக்கும் கைப்பின்னலும்

செயற்கை நுண்ணறிவு யந்திரங்களால் பூமிக்கு விளையும் தீங்கைக் கைவேலையால் எடுத்துக் காட்ட வேண்டும் என்னும் ஆர்வம் மேல்நாட்டுக் கலைஞர் சிலரிடையே தோன்றியிருக்கிறது. வரவேற்க வேண்டியதே. ஆயினும் கருகிய மரத்தையும் கண்ணீர் வடிக்கும் பூமாதேவியையும் துணியில் தைத்து மாட்டிவிட்டால் கடமை தீர்ந்ததென்று அவர்கள் எண்ணுவார்களாயின், அது வீண் உழைப்பென்றே நாம் கருதுகிறோம். இரக்கமூட்டும் சித்திரங்களுக்கு உலகில் பஞ்சமில்லை. கணக்குக்குத்தான் பஞ்சம்.

அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில், கொலம்பியா நதிக்கரையில் டால்ஸ் என்றொரு சிறு நகரம் உண்டு. 1957-ல் அங்கே அணை எழுந்தபோது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பூர்வகுடிகள் மீன்பிடித்து வந்த ஸெலைலோ நீர்வீழ்ச்சி சில மணி நேரத்தில் மூழ்கி மறைந்தது. அந்நதியின் அணைகளால் மின்சாரம் மலிந்த அவ்வூரில் 2006-ல் கூகிள் கம்பெனி தன் தரவு மையத்தைத் திறந்தது. யந்திரங்களைக் குளிர்விக்க ஜலம் வேண்டும். எவ்வளவு என்று 2021-ல் 'ஆரிகோனியன்' பத்திரிகை கேட்டது. நகர நிர்வாகமோ அது வியாபார இரகசியமென்று சாதித்து, கேட்ட பத்திரிகையின் மீதே வழக்குத் தொடுத்தது. வழக்குச் செலவை ஏற்க முன்வந்தது யார் தெரியுமா? கம்பெனிதான்! 2022 டிஸம்பரில் சமரசம் ஏற்பட்டு உண்மை வெளிவந்தது. நகரம் முழுவதும் செலவிட்ட தண்ணீரில் கால் பங்குக்கும் மேல் அக்கம்பெனிக்குச் சென்றிருந்தது. ஐந்தாண்டுகளில் அதன் உபயோகம் ஏறக்குறைய மும்மடங்காகியிருந்தது. இவ்வளவும் செயற்கை நுண்ணறிவுக்கே சென்றதென்று கூறுவது நியாயமன்று. கடிதம், படம், தேடுதல் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் புதிய யந்திரங்கள் வந்து சேருவதும் இத்தகைய மையங்களில்தான்.

அதே கம்பெனி 2025 ஆகஸ்டில், தனது ஜெமினியிடம் எழுதிக் கேட்கும் நடுத்தரமான கேள்வி ஒன்றுக்கு ஏறத்தாழ ஐந்து துளி ஜலமே செலவாகிறதென அறிவித்தது. அதைப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஐந்து துளியையும் ஓர் ஊரின் கால் பங்குத் தண்ணீரையும் ஒருங்கே மனத்தில் நிறுத்துவது எளிதன்று. கைவேலைக்கு இங்கேதான் அலுவல் இருக்கிறது.

2017-ல் வாஷிங்டன் மாகாணத்தில் தொடங்கிய டெம்பெஸ்ட்ரி இயக்கத்தார் வழி காட்டியிருக்கின்றனர். நாளொன்றுக்கு ஒரு வரிசை. அன்றைய உச்ச வெப்பத்திற்குக் குறித்த நிறத்தில் நூல். ஆண்டு முடிந்தால் 365 வரிசை கொண்ட நீண்ட பட்டை. பழைய ஆண்டின் பட்டைக்கருகில் புதிய ஆண்டின் பட்டையைத் தொங்கவிட்டால் படிக்கத் தெரியாதவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நிறத்தை இஷ்டம்போல் மாற்றப் பின்னுபவருக்கு அதிகாரமில்லை. அதனாலேயே அது சாட்சியாகிறது.

கொலம்பியாக் கரைக்கு எண்ணிப் பின்னுவது புதிதன்று. அங்குள்ள வாஸ்கோ மக்கள் நாரால் பின்னும் உருளை வடிவப் பைகளில் மனித முகங்களையும் ஸ்டர்ஜன் மீன்களையும் இழை எண்ணிப் பதித்து வந்தவர்கள். அருகிப்போன அக்கலையை மீட்டவர்களுள் ஒருவரான பாட் கோர்ட்னி கோல்ட் அம்மையார் (2022-ல் காலஞ்சென்றார்) கணிதம் பயின்றவர். இழைக் கணக்குப் பிசகினால் மீன் மீனாக இராது என்பதை அவருக்கு எவரும் போதிக்க வேண்டியிருந்திராது. அவ்வுருவங்கள் அம்மக்களுக்கே உரியவை. பிறர் எடுத்தாள்வது தகாது. எண்ணிப் பின்னும் முறையோ யாவருக்கும் பொது.

வழக்கு முடிந்த காலந்தொட்டுக் கம்பெனி தன் ஜலக் கணக்கை ஊர்வாரியாக வெளியிட்டு வருகிறது. ஆகவே ஆண்டுக்கொரு பட்டை பின்னலாம். நூறு வரிசையில் கம்பெனியின் பங்கு நீலம், ஊராரின் பங்கு வெள்ளை. அடியில் அந்த ஐந்து துளிக்காக ஒரே ஒரு நீலக் கண்ணி.

பின்னல் பட்டையால் யந்திரம் நின்றுவிடுமா என்று கேட்பார்கள். நில்லாது. கம்பெனியே அதை நல்ல விலைக்கு வாங்கித் தன் வரவேற்பறையில் மாட்டிவிடவும் கூடும். செல்வந்தருக்கு இச்சாமர்த்தியம் புதிதல்ல. ஆகையால் அதை விற்கலாகாது. 2021 நவம்பரில், ஜலக் கணக்கு ஜனங்களுக்கு மறைக்கப்பட்டிருந்தபோதே, மேலும் இரு மையங்களுக்கு வழிவிடும் ஒப்பந்தத்தை டால்ஸ் நகரசபை ஏகமனதாக நிறைவேற்றியது. அச்சபை கூடும் மண்டபத்தின் சுவரில் அப்பட்டைகள் தொங்கட்டும். அடுத்த ஒப்பந்தம் வரும்போது அங்கத்தினர்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டே கை தூக்கட்டும்.